காலைல ஸ்டார்ட் பண்ணா கார் உதறுது, சூடானா சரியாயிடுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்துலயும் தெரிஞ்சவங்க வட்டத்துலயும் கார் வச்சிருக்கறவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குறது இதத்தான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். பெட்ரோல் கார், ஹைப்ரிட் ரெண்டுக்கும் பொருந்தும். டீசல் வேன், லாரி வச்சிருக்கறவங்களுக்கு க்ளோ ப்ளக் அது இதுன்னு வேற கதை, அத இங்க எடுக்கல.

சிங்கப்பூர்ல ஏது குளிரு? இங்க போய் கோல்ட் ஸ்டார்ட் பிரச்சனைன்னு சொல்றீங்களே?

நமக்குத்தான் குளிரு இல்ல, இன்ஜினுக்கு உண்டு. ராத்திரி முழுக்க மல்டி ஸ்டோரி கார்பார்க்ல நின்ன வண்டியோட இன்ஜின் காலைல 27, 28 டிகிரில இருக்கும், அது ஒழுங்கா ஓடுற சூடு 90 டிகிரி பக்கம், நடுவுல 60 டிகிரிக்கு மேல வித்தியாசம். பெட்ரோல் ஆவியாகி காத்தோட கலந்தாதான் சரியா எரியும், ஆனா உலோகம் சூடாகாம இருக்கும்போது அடிக்கிற பெட்ரோல்ல ஒரு பங்கு ஆவியாகாம உள்சுவர்லயே ஈரமா ஒட்டிக்கும், அத ஈடு கட்டத்தான் ஈசியு (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) முதல் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் பெட்ரோல கூட்டி அடிக்குது, ஆர்பிஎம்மையும் ஏத்தி வச்சிக்குது.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. சைலன்சர் லைன்ல இருக்கற ஆக்சிஜன் சென்சார் 300 டிகிரிக்கு மேல சூடானாதான் வேல செய்யும். அதுவரைக்கும் ஈசியு உள்ள எழுதி வச்ச கணக்க நம்பித்தான் பெட்ரோல் அடிக்குது, சரியா எரியுதா இல்லையான்னு அதுக்குத் திரும்பி வந்து சொல்ல ஆள் இல்ல. சென்சார் முழிச்சதும் "காத்து கூட இருக்கு, பெட்ரோல் போடு"ன்னு சொல்ல ஆரம்பிச்சிடும், ஈசியு சரிக்கட்டிக்கும், உதறலும் நின்னுடும். அதனால சூடானதும் சரியாயிடுச்சுன்னா பல நேரம் கோளாறு போயிடலங்க, ஈசியு அத மூடி மறைச்சு ஓட்டிக்கிட்டு இருக்கு.

எவ்வளவு சத்தம், எவ்வளவு அதிர்வு வரைக்கும் நார்மல்?

ஸ்டார்ட் பண்ண உடனே 1200லேர்ந்து 1500 வரைக்கும் ஆர்பிஎம் போறதும், ஒரு நிமிஷம் முன்ன பின்ன மெல்ல 700, 800க்கு இறங்குறதும் நார்மல். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிற) வண்டிங்க முதல்ல கொஞ்சம் டீசல் மாதிரி டக் டக்னு பேசும், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர சீக்கிரம் சூடாக்க அது பண்ற வேல, பயப்பட வேணாம். முள்ளு ஏறி இறங்கி ஆடுறது, மிஸ்ஸிங் அடிச்சு (ஒரு சிலிண்டர் எரியாம விட்டுப் போய்) சீட்டு வரைக்கும் உதறுறது, கியர டி-ல போட்டதும் ஆஃப் ஆயிடறது, பச்சை பெட்ரோல் வாசனை, இதெல்லாம் நார்மல் இல்ல. இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா அது இன்னும் ஒரு படி மேல, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் அத சுட்டுக்கிட்டு இருக்கு, ஓட்டாதீங்க, அந்தப் பார்ட் விலைய கேட்டா புரியும்.

வொர்க்‌ஷாப்புக்கு கொண்டு போனா "நோ ப்ராப்ளம் லா"ன்னு திருப்பி அனுப்பிடறாங்க, என்ன பண்றது அண்ணே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுறேன்னு வச்சிக்கோங்க. ஈஷூன்லேர்ந்து சின் மிங்குக்கோ, தெம்பனீஸ்லேர்ந்து காக்கி புக்கிட்டுக்கோ நீங்க ஓட்டிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள இன்ஜின் சூடாயிடுச்சு, கடை முதலாளி போனட்ட தொறந்து பாக்கும்போது வண்டி அமைதியா ஓடுது, அவர் பொய் சொல்லல, அவர் கண்ணு முன்னாடி கோளாறே இல்ல. அப்புறம் என்ன, நீங்க விடாம கேக்க, அவரும் உத்தேசமா ஸ்பார்க் ப்ளக் மாத்தலாம், அடுத்த வாரம் அதுக்கு மின்சாரம் குடுக்கற காயில் மாத்தலாம், அதுக்கடுத்து காத்த உள்ள விடற த்ராட்டில் கழுவலாம்னு ஒவ்வொண்ணா போவாரு, காசு உங்களோடது.

வண்டிய சாயங்காலமே விட்டுட்டு வந்துடுங்க. காலைல முதல் ஸ்டார்ட் ஸ்கேனர் மாட்டினதுக்கு அப்புறம்தான்னு வாயால சொன்னா பத்தாது, ஏன்னா அங்க இடம் நெருக்கடி, காலைல கதவ தொறந்ததும் பையன் முதல்ல பண்றதே வெளிய நிக்கிற வண்டிகள ஒவ்வொண்ணா ஸ்டார்ட் பண்ணி நகர்த்தி வைக்கிறதுதான், அதுல உங்க கோல்ட் ஸ்டார்ட் போயிடும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்புல எழுதி ஸ்டியரிங் மேலயே ஒட்டிடுங்க. அந்தப் பையனுக்குப் புரியற மொழியில எழுதுங்க.

விட்டுட்டு வர வசதி இல்ல, வேலைக்கு வண்டி வேணும்னா போன்ல வீடியோ எடுங்க. ஸ்டார்ட் பட்டன அமுக்கறதுக்கு முன்னாடியே ரெக்கார்ட் ஓடணும், ஆர்பிஎம் முள்ளு தெரியணும், சத்தம் கேக்கணும், அப்புறம் இறங்கிப் போய் எக்ஸாஸ்ட் பைப்பையும் கொஞ்ச நேரம் காட்டுங்க. அதப் பாத்தாலே நல்ல மெக்கானிக்குக்கு பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

நானே வீட்டுல செக் பண்ண ஏதாவது இருக்கா?

இருக்கு. ஆன்லைன்ல கிடைக்கிற சின்ன புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (ஈசியுல இருக்கற தகவல படிக்கிற கருவி) ஒண்ணு வாங்குங்க, ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்ல மாட்டி போன்ல ஆப் போட்டா போதும்.

முதல் வேல, காலைல இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி ரெண்டு நம்பர பாருங்க: கூலண்ட் (இன்ஜின ஆற வைக்கிற திரவம்) டெம்பரேச்சர், உள்ள வர்ற காத்தோட டெம்பரேச்சர். ராத்திரி முழுக்க நின்ன வண்டில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கணும், 29, 30ன்னு ஒரு ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம் பரவால்ல. என் மச்சான் வண்டில காலைல உட்லண்ட்ஸ் கார்பார்க்ல வச்சு பாத்தப்ப காத்து 29ன்னு காட்டுது, கூலண்ட் 64ன்னு காட்டுது. ராத்திரி முழுக்க நின்ன இன்ஜின் 64ல இருக்க சான்ஸே இல்ல. சென்சார் பொய் சொல்லுது, ஈசியு அத நம்பி "இன்ஜின் ஏற்கனவே சூடுதான்"னு நினைச்சு பெட்ரோல கம்மி பண்ணிடுது, வண்டி பட்டினியில திக்குது. ப்ளக்கும் காயிலும் ஏற்கனவே மாத்தியாச்சு அந்த வண்டிக்கு. கடைசில மாத்தினது கட்டைவிரல் சைஸ்ல ஒரு சென்சார்.

இதுக்கு நேர் மாறாவும் நடக்கும். சென்சார் வயர் அறுந்துட்டா -40 டிகிரின்னு காட்டும், சில வண்டில ஈசியு அத நம்பி பெட்ரோல கொட்டும், கரும்புகை வரும், பல வண்டில ரேடியேட்டர் ஃபேன் ஸ்டார்ட் பண்ணதுமே முழு வேகத்துல கத்த ஆரம்பிச்சிடும். மல்டிமீட்டர் இருக்கறவங்களுக்கு: நிறைய ஜப்பான் வண்டில இந்த சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் நம்ம ஊர் காலை சூட்டுல 2000 ஓம் பக்கம் இருக்கும், இன்ஜின் சூடானா 300 ஓம் பக்கம் இறங்கிடும், உங்க வண்டிக்கு சரியான கணக்கு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.

ரெண்டாவது வேல, இன்ஜின் சூடானதுக்கு அப்புறம் ஃப்யூயல் ட்ரிம் பாருங்க. ஈசியு எவ்வளவு பெட்ரோல கூட்டியோ குறைச்சோ சமாளிக்குதுன்னு காட்டற சதவீதம் இது. ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடறப்ப) +15, ஆர்பிஎம்ம 2500க்கு ஏத்துனா +3ன்னு இறங்குதுன்னா எங்கயோ கள்ளக்காத்து, அதாவது ஈசியு கணக்குல வராத காத்து, உள்ள போகுது, ஏன்னா ஐடில்லதான் அந்த லீக் பெரிய பங்கா தெரியும். தலைகீழா, ஏத்த ஏத்த ப்ளஸ் கூடுதுன்னா பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இல்லன்னா காத்த அளக்குற சென்சார் பக்கம் பாக்கணும். மைனஸ் 10க்குக் கீழ போச்சுன்னா எங்கயோ பெட்ரோல் அதிகமா போகுது.

இன்ஜின் லைட் எரியல, அப்படின்னா கோட் எதுவும் இருக்காதுதானே?

அப்படி இல்ல. கோட்ங்கிறது ஈசியு பதிஞ்சு வைக்கிற கோளாறு நம்பர், லைட் எரியாமலே பெண்டிங்குன்னு சில கோட் உக்காந்திருக்கும், ஸ்கேனர்ல தனியா அந்த மெனுவ பாக்கணும். பி0301ன்னா முதல் சிலிண்டர்ல மிஸ்ஸிங், பி0302ன்னா ரெண்டாவது, பி0300ன்னா அங்கங்க மாறி மாறி. பி0171ன்னா பெட்ரோல் பத்தல, இல்லன்னா காத்து அதிகம். பி0128ன்னா இன்ஜின் சூடாக ரொம்ப நேரம் எடுக்குது, தெர்மோஸ்டாட் தொறந்தபடி மாட்டிக்கிச்சான்னு பாருங்க. பாத்துட்டு கோட அழிச்சிடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, மெக்கானிக்குக்கு அது வேணும்.

காயில் போயிடுச்சா ப்ளக் போயிடுச்சான்னு எப்படி தெரிஞ்சிக்கறது?

மிஸ்ஸிங் எந்த சிலிண்டர்னு கோட் சொல்லிடுச்சுன்னா செலவே இல்லாத டெஸ்ட் இருக்கு: அந்த சிலிண்டர் காயில பக்கத்து சிலிண்டருக்கு மாத்தி மாட்டுங்க, மறுநாள் காலைல மறுபடி பாருங்க. பி0301 போய் பி0302 வந்துச்சுன்னா காயில்தான். அதே 0301லயே நிக்குதுன்னா அடுத்து ப்ளக்க மாத்திப் பாக்கணும், அதுக்கும் அசையலன்னா இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு போகணும். நாலு காயிலையும் செட்டா மாத்துனு சொல்றவங்க நிறைய, ஒண்ணு போனா மத்ததும் வயசானதுதான்னு ஒரு நியாயம் இருக்கு, ஆனா எது கெட்டதுன்னு தெரியாமலே நாலையும் மாத்தறது வேற விஷயம். இரிடியம் ப்ளக் 100,000 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும், சாதா நிக்கல் ப்ளக் அதுல பாதி கூட வராது, உங்க வண்டில எது இருக்குன்னு தெரிஞ்சிக்கோங்க.

கள்ளக்காத்துன்னா எங்கேர்ந்து? சூடானா எப்படி தானா அடைபடுது?

ரப்பரும் கேஸ்கட்டும்தான். போனட்டுக்குள்ள நம்ம ஊர் வெயில்லயும் ஜாம்லயும் வருஷக்கணக்கா வெந்த ரப்பர் ஹோஸ் கல்லு மாதிரி ஆகி நுனியில வெடிப்பு விடும். இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட்டும் இறுகிப் போயிடும், சூடாகாம இருக்கும்போது மயிரிழை இடைவெளி, சூடானதும் எல்லாம் விரிஞ்சு அந்த இடைவெளி அடைஞ்சிக்கும். பிசிவி ஹோஸ (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய இன்டேக்குக்குக் கொண்டு போற குழாய்) விரலால நசுக்கிப் பாருங்க, முக்கியமா அடியில வளைஞ்சு போற இடம், கண்ணுக்குத் தெரியாத பக்கம்தான் வெடிச்சிருக்கும்.

வீடியோல பாத்துட்டு க்ளீனர் ஸ்ப்ரேய ஓடற இன்ஜின் மேல அடிச்சு லீக் தேடற வேலைய கார்பார்க்ல பண்ணாதீங்க, சூடான எக்ஸாஸ்ட்ல பட்டா தீப்பிடிக்கும், பக்கத்துலயே ஜனங்க குடியிருக்காங்க. வொர்க்‌ஷாப்ல ஸ்மோக் டெஸ்ட் கேளுங்க, இன்டேக்குக்குள்ள புகைய விட்டா லீக் இருக்கற இடத்துல வெளிய வரும். அதையும் இன்ஜின் ஆறி இருக்கும்போதே பண்ணச் சொல்லுங்க, சூட்டுல பண்ணா அந்த மயிரிழை அடைஞ்சிருக்கும்ல.

கார்பன் க்ளீனிங் பேக்கேஜ் எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?

எந்த இடத்து கார்பன்னு கேளுங்க முதல்ல. த்ராட்டில் பாடில படியற கார்பன்னா கழட்டித் தொடைக்கிறது எளிய வேல, ஐடில் ஆட்டத்துக்கு நல்ல பலன் கிடைக்கும், எலக்ட்ரானிக் த்ராட்டில்னா இக்னிஷன் ஆன்ல இருக்கும்போது அந்தத் தட்ட விரலால தள்ளக்கூடாது, தொடைச்சதுக்கு அப்புறம் ஐடில் ரீலேர்ன் (ஈசியு ஐடில் அளவ புதுசா கத்துக்கற வேல) பண்ணணும்.

இன்டேக் வால்வ்ல படியற கார்பன் வேற. பழைய மாதிரி போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டில பெட்ரோல் வால்வ் மேலயே அடிக்கிறதால அது கழுவிக்கிட்டே இருக்கும், அப்படியும் கெட்டியா படிஞ்சிருந்தா அந்தக் கார்பன் ஸ்பான்ஞ் மாதிரி முதல் பெட்ரோல உறிஞ்சிக்கும், காலைல திக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிடுது, வால்வ கழுவ ஒண்ணுமே இல்ல, ஆயில் ஆவி மட்டும் வந்து படிஞ்சிக்கிட்டே இருக்கும். இந்த வண்டிக்கு டேங்க்ல ஊத்தற பாட்டில் மருந்து வால்வ் கிட்டயே போகாது, யார் சொன்னாலும் நம்பாதீங்க, இன்ஜெக்டர் நுனிக்கு வேணா உதவலாம். வால்நட் ஓட்டுத் தூள காத்துல அடிச்சு சுத்தம் பண்றாங்க, அதுதான் வேலைக்கு ஆகும். பண்றதுக்கு முன்னாடி சின்ன கேமரா விட்டு வால்வ காட்டச் சொல்லுங்க, முடிஞ்சப்புறமும் காட்டச் சொல்லுங்க. டொயோட்டாவோட டி-4எஸ் மாதிரி ரெண்டு வித இன்ஜெக்டரும் இருக்கற இன்ஜின்ல இந்தத் தொல்லை கம்மி.

காலைல எக்ஸாஸ்ட்ல வெள்ளையா புகை, அது பனிதானே?

வெளிநாட்டு வீடியோல அப்படித்தான் சொல்வாங்க, அங்க குளிர்ல நீராவி வெள்ளையா தெரியறது சகஜம். இங்க 27 டிகிரில பைப்லேர்ந்து நாலு சொட்டு தண்ணி விழலாம், மழை நேரத்துல லேசா ஆவி தெரியலாம், ஆனா அடர்த்தியா வெள்ளப்புகை, கூடவே முதல் சில செகண்ட் ஒரு சிலிண்டர் எரியாத மாதிரி உதறல், இனிப்பு கலந்த ஒரு வாசனை, இது மூணும் சேர்ந்தா கூலண்ட சந்தேகப்படணும். ஹெட் கேஸ்கட்ல (இன்ஜினோட மேல் பாகத்துக்கும் அடிப் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல்) சின்னதா லீக் இருந்தா, வண்டிய நிப்பாட்டினதும் கூலிங் சிஸ்டத்துல இருக்கற ப்ரெஷர் கூலண்ட மெல்ல சிலிண்டருக்குள்ள தள்ளும், ராத்திரில அது தேங்கி நிக்கும், காலைல முதல்ல அதத்தான் இன்ஜின் துப்புது.

ரிசர்வ் டேங்க்ல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டு வைங்க, எப்பவும் காலைல ஆறின இன்ஜின்லயே பாருங்க. வெளிய எங்கயும் ஒழுகாம கோடு இறங்கிக்கிட்டே போனா கூலிங் ப்ரெஷர் டெஸ்ட், ரேடியேட்டர் வாயில நீல நிறத் திரவம் வச்சு பண்ற டெஸ்ட் ரெண்டும் கேளுங்க. நீலம் மஞ்சளா மாறுச்சுன்னா சிலிண்டர் கேஸ் கூலண்டுல கலக்குதுன்னு அர்த்தம். சூடான ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறக்கவே தொறக்காதீங்க. புகை நீலமா இருந்தா ஆயில், ஸ்டார்ட்ல மட்டும் கொஞ்சம் வந்து நின்னா வால்வ் சீல் தேஞ்சிருக்கும். கறுப்புன்னா பெட்ரோல் அதிகம்.

ரொம்ப நேரம் சுத்தித்தான் ஸ்டார்ட் ஆகுது, அப்புறம் கொஞ்ச நேரம் திக்குது?

ராத்திரில பெட்ரோல் லைன் ப்ரெஷர் இறங்கிடுது போல. இக்னிஷன ஆன் பண்ணி ரெண்டு செகண்ட் விட்டு ஆஃப், மறுபடி ஆன், இப்படி ரெண்டு மூணு வாட்டி பண்ணி பம்ப ஓட விட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. உடனே பத்திக்கிச்சுன்னா பம்ப் வால்வோ இன்ஜெக்டரோ ப்ரெஷர பிடிச்சு வைக்கல. இன்ஜெக்டர் உள்ள சொட்டுதுன்னா ஸ்டார்ட் ஆனதும் பெட்ரோல் வாசனையும் கரும்புகையும் சேர்ந்து வரும். சுத்தறதே சோம்பலா இருந்துச்சுன்னா முதல்ல பேட்டரி பாருங்க, நிக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், நம்ம ஊர் சூட்டுல பேட்டரிக்கு ரெண்டு மூணு வருஷம்தான் ஆயுசு.

மழை பெஞ்ச மறுநாள் மட்டும் உதறுது, வெயில்னா ஒண்ணும் இல்ல?

திறந்த கார்பார்க்ல நிக்கிற வண்டிக்கு டிசம்பர், ஜனவரி மழையில இது சகஜம். காயில் அடியில இருக்கற ரப்பர் பூட் வெடிச்சிருந்தா ஈரத்துல மின்சாரம் ப்ளக்குக்குப் போகாம பக்கவாட்டுல பாயும். காயில தூக்கிப் பாருங்க, ப்ளக் குழியில தண்ணியோ ஆயிலோ இருக்கான்னு, பூட்ல வெள்ளையா கோடு ஓடியிருக்கான்னு.

பக்கத்து லாட்டுக்கு வண்டிய நகர்த்தி ஆஃப் பண்ணேன், அப்புறம் ஸ்டார்ட்டே ஆகல!

ப்ளக் நனைஞ்சிடுச்சு. கூட்டி அடிச்ச பெட்ரோல் எரியறதுக்குள்ள நீங்க நிப்பாட்டிட்டீங்க. ஆக்சிலரேட்டர கடைசி வரைக்கும் மிதிச்சு வச்சிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, பெரும்பாலான வண்டில அப்படிப் பண்ணா பெட்ரோல் நின்னு காத்து மட்டும் போகும், காயும். பத்திக்கிட்டதும் கால எடுத்துடுங்க.

95 பெட்ரோல் போடறேன், 98 போட்டா சரியாகுமா? ஜேபில (ஜொகூர் பாருல) 97 போட்டா?

ஆகாது. ஆக்டேன்ங்கிறது தட்டுற சத்தம் வராம தாங்குற அளவு, காலைல திக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வண்டி கம்பெனி என்ன சொல்லுதோ அதப் போடுங்க. ஜேபி 97ம் தாராளமா ஓடும், முக்கால் டேங்க் இருந்தாத்தான் கடக்க விடுவாங்கங்கிறது உங்களுக்கே தெரியும்.

ஹைப்ரிட் வண்டி ப்ரோ, கிரப் டாக்ஸியா ஓட்டறேன், காலைல இன்ஜின் பத்தும்போது மட்டும் கடகடன்னு ஆடுது?

ஹைப்ரிட்ல இன்ஜின் எப்ப பத்தும்னு வண்டிதான் முடிவு பண்ணும், அதனால கார்பார்க்ல சத்தமில்லாம இறங்கி ரோட்டுக்கு வந்தப்புறம்தான் கோல்ட் ஸ்டார்ட்டே நடக்கும், அத கவனிச்சுக்கோங்க. 2010 வாக்குல வந்த மூணாம் தலைமுறை பிரியஸ்ல இந்த ஆட்டம் ரொம்பப் பிரபலம், ஈஜிஆர் கூலர்ல (புகைல ஒரு பங்க ஆற வச்சு இன்ஜினுக்கே திருப்பி விடற பார்ட்) கார்பன் அடைச்சு, கண்டுக்காம ஓட்டினா கடைசில ஹெட் கேஸ்கட் வரைக்கும் போகும். அதே குடும்பத்து 1.8 இன்ஜின் இருக்கற வண்டின்னா ஈஜிஆர சுத்தம் பண்ணிட்டு கூலண்ட் கோட்டையும் பாருங்க. கிலோமீட்டர் அதிகமா ஓடற வண்டி, தள்ளிப் போடாதீங்க.

அப்ப காலைல பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி சூடாக்கிட்டு கிளம்பினா என்ன?

நின்னுக்கிட்டே இன்ஜின ஓட விடறது இங்க சட்டப்படி குத்தம், என்இஏ (தேசிய சுற்றுப்புற வாரியம்) அபராதம் போடும். அது போக, ஐடில்ல இன்ஜின் மெதுவாத்தான் சூடாகும், அவ்வளவு நேரமும் பெட்ரோல் கூட்டித்தான் அடிக்கும், ஆயில்ல கலக்கும். அரை நிமிஷம் விட்டு, ஆர்பிஎம் இறங்க ஆரம்பிச்சதும் கிளம்புங்க, முதல் அஞ்சு நிமிஷம் அழுத்தி மிதிக்காம ஓட்டுங்க.

சிஓஇ (வண்டி வச்சிக்கற உரிமம்) முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான், இதுக்குப் போய் செலவு பண்ணணுமா?

ஸ்க்ராப் பண்ற முடிவுல இருந்தீங்கன்னா பார்ஃப் ரிபேட்டுக்கும் (வண்டிய கழிக்கும்போது அரசாங்கம் திருப்பித் தர்ற காசு) இன்ஜின் நிலைமைக்கும் சம்பந்தம் இல்ல, வண்டி வாங்கும்போது கட்டின ஏஆர்எஃப்புங்கிற பதிவுக் கட்டணமும் வண்டி வயசும்தான் கணக்கு. அதனால டெஸ்ட் மட்டும் பண்ணி, சென்சார், ஹோஸ், ஒரு காயில் மாதிரி சின்னதா இருந்தா மாத்திட்டு ஓட்டுங்க, வால்நட் க்ளீனிங் மாதிரி வேலைய விட்டுடலாம். ரினியூ பண்ற யோசனை இருந்தா கணக்கு வேற, பத்து வருஷம் தாண்டினா வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, அங்க வண்டி சூடாத்தான் போய்ச் சேரும், அதனால பாஸ் ஆனதால இன்ஜின் நல்லாருக்குன்னு நினைச்சு அஞ்சு வருஷத்துக்குக் காசு கட்டிடாதீங்க, கட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வொர்க்‌ஷாப்ல விட்டு காலைல கம்ப்ரஷன் டெஸ்டும் கூலண்ட் டெஸ்டும் பண்ணச் சொல்லுங்க. கூலண்ட் கோடு இறங்கற வண்டிக்கு மட்டும் சிஓஇ எத்தன மாசம் பாக்கின்னு பாக்காதீங்க, பிஐஇ விரைவுச்சாலை நடுவுல ஆவி கிளப்பிக்கிட்டு நின்னா டோ ட்ரக் காசும் சேர்ந்துக்கும்.